பூனைத் தளபதியின் கடைசிக் கோட்டை

அந்த விளையாட்டில் யாரும் சாவதில்லை. அதை வெறுக்க எனக்குக் கிடைத்த முதல் காரணம் அதுதான். ஈட்டி பட்ட வீரன் நிலத்தில் குந்தியிருந்து, தன் தலையளவு பெரிய கண்ணீர்த் துளி ஒன்றை விட்டு அழுவான். பிறகு நெற்றியில் ஒரு பிளாஸ்டருடன் கோட்டைக்கு ஓடிப்போவான். இரண்டு முறை கழித்துச் சிரித்தபடி திரும்பி வந்து வரிசையில் நிற்பான்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நான் கொழும்புத் தமிழ்ப் பத்திரிகை ஒன்றுக்குக் கல்முனையிலிருந்து செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். யுத்தத்தை எட்டு வரிக்குள் அடக்குவது என் தொழில். வயது, ஊர், எந்தச் சந்தி, எத்தனை மணி என்று எழுதிப் பழகியவனுக்கு, பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு எழும்பி வரும் அந்தப் பட்டாளம் அருவருப்பாக இருந்தது.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என் மனைவியின் காக்கா, அதாவது அண்ணன். ரியாதில் ஒரு கட்டுமானக் கம்பனியின் களஞ்சியத்தில் வேலை பார்த்தவர், லீவில் வந்திருந்தார். அவர் பெட்டியில் சவூதியிலிருந்து வரும் எல்லோருடைய பெட்டியிலும் இருப்பதுதான் இருந்தது: போர்வை, அத்தர், பால்மா, டோர்ச் லைட். அவற்றுக்கு நடுவே துவாயில் சுற்றிய சாம்பல் நிற விளையாட்டுப் பெட்டியும் ஒரேயொரு கெசட்டும். கெசட்டின் மேல் ஜப்பான் எழுத்து. உள்ளேயும் ஜப்பான் எழுத்துத்தான். எந்த வரியை அழுத்தினால் அடிப்பான், எந்த வரியை அழுத்தினால் ஓடுவான் என்று முகாமில் கூட இருந்த பிலிப்பைன்காரர் ஒருவரிடம் அவர் கற்று வந்திருந்தார். இந்தக் கல்வியைப் பற்றி ஒரு பட்டதாரியின் பெருமையோடு பேசினார்.

விளையாட்டு இதுதான். நிலம் சதுரம் சதுரமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். நம்முடைய ஆட்களை ஒவ்வொருவராக நகர்த்த வேண்டும். பிறகு எதிரி தன் ஆட்களை நகர்த்துவான். நாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கோட்டையைப் பிடித்தால் அடுத்த நிலம். கட்டளை கேட்கும் முன் ஒவ்வொரு வீரனும் நின்ற இடத்திலேயே இரண்டு தரம் துள்ளுவான். கட்டளை வராவிட்டால் மூக்கில் குமிழி விட்டுத் தூங்குவான். பெரிய அகப்பையோடு ஒரு சமையல்காரன் இருந்தான். காயப்பட்டவனுக்குப் பணிஸ், அதாவது ஒரு பன், கொடுப்பான். அவனுக்கு நாங்கள் கோக்கி என்று பெயர் வைத்தோம். தளபதி, சிவப்புப் போர்வை போர்த்த ஒரு மஞ்சள் பூனை. மழை பெய்தால் நடக்க மாட்டாது.

அழகாகத்தான் இருந்தது. அழகாக இருந்ததுதான் என் புகார். ஒரு போரை இவ்வளவு செல்லமாக வரைய உட்கார்ந்தவர்கள் ஒருநாளும் சோதனைச் சாவடியில் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு நடந்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். மச்சானுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் வரவில்லை. முப்பத்து நாலு வயது மனிதர், லுஹர் தொழுதுவிட்டு வந்து முன்னறைப் பாயில் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், அந்தப் பூனைக்காக அஸர் பாங்கு வரை வியர்த்தார்.

அவர் திரும்பிப் போக வேண்டியவர். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியேறுவான். நானும் அப்படி வந்து சேர்ந்தவன்தான். என் மனைவி மூத்தவள் என்பதால், இருந்த வீட்டை அவளுக்குக் கொடுத்துவிட்டு, மாமியும் இளைய மகளும் பின்பக்கத்து அறைக்கு மாறியிருந்தார்கள். இளையவளுக்கு அதே வளவில், இருபது எட்டு எடுத்து வைக்கும் தூரத்தில், வீடு எழும்பிக்கொண்டிருந்தது. சுவர்கள் நின்றன. கூரையில்லை, கதவில்லை. மாமனார் மௌத்தாகிவிட்டபடியால் அதை முடிப்பது மகனின் கடமை. தங்கச்சிமாரைக் கரைசேர்க்கும் வரை அவருக்கும் கலியாணமில்லை. மருதமுனையில் ஒரு ஆசிரியரைப் பேசி வைத்திருந்தார்கள். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முன்னால் வீடு முடிந்தால் நிக்காஹ், இல்லாவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் மரியாதையாகச் சொல்லியிருந்தார்கள். மச்சான் ரியாதுக்குத் திரும்பினால் கூரை வரும். திரும்பாவிட்டால் வராது. அவருடைய கடவுச்சீட்டில் திரும்ப உள்ளே வருவதற்கான முத்திரை, இஸ்லாமிய மாதக் கணக்கில் ஜமாதுல் ஆகிர் பிறை இருபது வரைக்கும் செல்லும் என்றிருந்தது.

"மச்சான், சும்மா பாத்துக்கிட்டு நிக்காம இரிங்க. இவன ஒரு அடி அடிச்சிப் பாருங்க" என்று ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

"நான் என்ன சின்னப் புள்ளயா?"

"சின்னப் புள்ளைக்கி இது வெளங்கா. இதுக்கு மூள வேணும்."

மூளை இருப்பதை நிரூபிக்க உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் என் பட்டாளம் முழுவதும் குந்தியிருந்து அழுதது. மச்சான் பாயில் புரண்டு சிரித்தார்.

"பேப்பர்காரன் பட நடத்தின லெச்சணம்! கோக்கிய முன்னுக்கு அனுப்பிப்போட்டு, ஜெனரல் பின்னால படுத்திரிக்காரு!"

"எல்லா யுத்தத்துலயும் அப்பிடித்தான் நடக்கிற" என்றேன்.

கதவோரத்தில் நின்ற இளையவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அந்த மாதம் முழுவதும் மிச்ச சீமெந்துப் பைகள் நனையாமல் இடம் மாற்றிக்கொண்டிருந்தாள். "காக்கா, அந்தக் கோட்டைக்கி ஓடெல்லாம் போட்டிரிக்கி. எங்கட கோட்டைக்கி எப்ப?" என்று கேட்டாள்.

"போனா வரும்கா. போகத்தானே போறன்."

"பூன உட்டாத்தானே போவீங்க."

அதற்குப் பிறகு நடந்ததை மரியாதையாக எழுத வழியில்லை. ஒரு மாதத்துக்குள், செய்தியைத் தொலைநகலில் அனுப்பிவிட்டு நேரே வீட்டுக்கு வரும் ஆளாக நான் மாறியிருந்தேன். அரசாங்கக் கச்சேரியில் கூட்டம் என்றால் தலைப்பை மட்டும் கேட்டுக்கொண்டு எழும்பினேன். செய்தி எழுதும் தாளில் சதுரம் போட்டு, எந்த ஈட்டிக்காரன் எந்தப் பாலத்தால் போக வேண்டும் என்று பென்சிலால் குறித்தேன். நான் இகழ்ந்த விளையாட்டை நான் இகழ்ந்தபடியே விளையாடினேன். இகழ்ச்சி ஒரு பாதுகாப்பு என்று நினைத்தேன். அது ஒரு பாதுகாப்பும் இல்லை. பூனை வென்றால் மச்சானோடு சேர்ந்து நானும் தொடையில் தட்டினேன்.

கடைசி நிலம் ஒரு தீவு. நடுவில் கோட்டை, அதற்கு மூன்று பாலம். குறித்த முறைகளுக்குள் பிடிக்காவிட்டால் எல்லோரும் படுத்துத் தூங்கிவிடுவார்கள். மறுபடியும் முதலிலிருந்து. நாலு தரம் தோற்றோம். ஒருதரம் வெல்லும் நேரத்தில் கரண்ட் போனது. மச்சான் மின்சார சபையை ஏசிய ஏச்சில் மாமி காதைப் பொத்தினார்.

அந்தக் கிழமைதான் பயண முகவர் ஆளனுப்பினார். செவ்வாய்க்கிழமை விமானத்தில் ஒரு இடம் இருக்கிறது, வியாழக்கிழமையும் ஒன்று இருக்கிறது, எது வேண்டுமென்று சொல்லுங்கள் என்றார்.

மாமி சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னார்: "செவ்வாயே போங்க மகன். நேரத்தோட போறவனுக்கு நட்டமில்ல."

மச்சான் என்னைப் பார்த்தார். "கலண்டரப் பாருங்க மச்சான். வியாழன் பிற எத்தின?"

சுவரில் பள்ளிவாசல் கலண்டர் தொங்கியது. ஒவ்வொரு திகதிக்கும் கீழே பிறை அச்சிட்டிருந்தது. வியாழன், பிறை பத்தொன்பது. ஒன்றை மட்டும் நம்புவது என் பழக்கமில்லை. எழும்பிப் போய்ப் பக்கத்துக் கடையில் தொங்கிய வேறொரு கலண்டரையும் பார்த்து வந்தேன். அதிலும் பத்தொன்பது. எந்தத் தகவலையும் இரண்டு இடத்தில் சரிபார்க்க வேண்டும் என்று எனக்குக் கற்பித்திருந்தார்கள். இரண்டு கலண்டரும் ஒரே வானத்தில் ஒரே பிறையைப் பார்த்தவை என்பதை நான் யோசிக்கவில்லை.

"வியாழன் போதும். ஒரு நாள் மிச்சமிரிக்கி" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியும். அதற்கு முதல் நாள்தான் இரண்டாவது பாலத்தைப் பிடித்திருந்தோம்.

"நீங்க செல்லுறதெண்டா சரிதான்" என்றார் மச்சான். அவருக்கும் தெரியும். மாமி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கறிச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

புதன்கிழமை காலையில் கோட்டை விழுந்தது. மழை நின்றது. பூனை வாசலில் ஏறி நின்று போர்வையை உதறியது. வீரர்கள், எதிரியின் வீரர்களும் சேர்ந்து, கைகோத்து ஆடினார்கள். கோக்கி எல்லோருக்கும் பணிஸ் கொடுத்தான். அது ஒரு நிமிடம்கூட வராது. பிறகு ஜப்பான் எழுத்தில் பெயர்கள் கீழிருந்து மேலே போயின. பிறகு முதல் திரை வந்து, ஒன்றுமே நடக்காதது போல வீரர்கள் இரண்டு தரம் துள்ளினார்கள். நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்தபடி இருந்தோம். மச்சான்தான் முதலில் எழும்பினார். பின்னேர பஸ்ஸுக்குப் பெட்டி கட்ட வேண்டும்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது அவர் முன்னறையில் இருந்தார். பெட்டியில் கட்டிய கயிறு அவிழ்க்கப்படவில்லை. இளையவள் பக்கத்தில் தண்ணீர் கிளாசோடு நின்றாள். அவர் குடிக்கவில்லை.

"கவுண்டர்ல ஒருத்தன் பொத்தகம் ஒண்டத் தொறந்து பாத்தான்" என்றார். "அங்க இண்டைக்கி இருபத்தொண்டு எண்டான். முந்தாநாள் வந்திரிந்தா ஏத்தியிரிப்பன் எண்டான். நான் சண்ட புடிச்சன். எங்கட பள்ளிக் கலண்டர்ல பத்தொம்பது எண்டன். 'அது உங்கட பிற' எண்டான்."

இங்கே எந்த வீட்டுக்கும் இது புதிய செய்தியில்லை. வருடாவருடம் நாங்கள் நோன்போடு இருக்கும்போது சவூதியிலிருந்து பிள்ளைகள் தொலைபேசியில் பெருநாள் வாழ்த்துச் சொல்வார்கள். அங்கே பிறை முந்திக்கொள்ளும். ஒரு நாள், சில மாதங்களில் இரண்டு நாள். அதை வைத்துத் தேநீர்க் கடைகளில் சண்டை நடக்கும். அந்தச் சண்டையை நானே இரண்டு தரம் செய்தியாக எழுதியிருக்கிறேன். சவூதி முத்திரை சவூதிப் பிறையில்தான் ஓடும் என்பதைத் தெரிந்துகொள்ள ஒருவரும் படிக்கத் தேவையில்லை. படித்த ஒருவன் கலண்டரைப் பார்த்துச் சொன்னான் என்பதால் மற்றவர்கள் யோசிக்கவில்லை.

இரண்டு கிழமை மச்சான் தொலைபேசிக் கடையிலேயே நின்றார். முதலில் கம்பனி மனேஜர் இல்லை என்றார்கள். பிறகு இருக்கிறார், ஆனால் பேச மாட்டார் என்றார்கள். கடைசியில் அந்தப் பிலிப்பைன்காரரே எடுத்து, களஞ்சியத்தின் திறப்பு இப்போது வேறொருவரிடம் இருக்கிறது என்று சொன்னார்.

நோன்புப் பெருநாளும் கழிந்து ஒரு மாதமான பிறகு, மருதமுனையிலிருந்து மாப்பிள்ளையின் சாச்சா வந்தார். தேநீர் குடித்தார். வளவுக்குள் நடந்துபோய்க் கூரையில்லாத சுவர்களுக்குள் நின்று வானத்தைப் பார்த்தார். "குற செல்ல வரல்ல. பெருநாளைக்கி ஒரு மாசந்தான் இரிக்கி, அதத்தான் செல்லிப்போட்டுப் போக வந்த" என்றார். அவர் போன பிறகு ஒருவரும் ஒருவரையும் ஏசவில்லை. ஏசியிருந்தால் இலேசாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் பகல், சாப்பாட்டின்போது, என் மனைவி தாயைப் பார்த்துச் சொன்னாள்: "உம்மா, இந்த ஊட்ட அவளுக்கு எழுதுவம். நாங்க அங்க போறம்."

"அங்க கூர இல்லயே" என்றேன்.

"நீங்கதானே பிற பாத்த."

அவ்வளவுதான். அந்த விஷயத்தைப் பற்றி அவள் என்னிடம் சொன்ன ஒரே வசனம் அது. அன்றைக்கு மட்டுமில்லை, பின்னரும்.

இளையவள் சோற்றுக் கையோடு எழும்பினாள். "ராத்தா, உங்கட ஊட்ட நான் எடுக்கிறயா? எனக்கிக் கலியாணமே வேணாம்."

"இரி. சோத்தத் தின். ஊட்டுக்குள்ள போனாப் பொறகு இந்தக் கத வராது."

மச்சான் தட்டில் ஒரு சோற்றுப் பருக்கையை விரலால் தள்ளிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை நானும் அவரும் அந்தச் சுவர்களின் மேல் கம்பு பாய்ச்சித் தென்னங்கிடுகு கட்டினோம். கதவுக்குத் தகரம் வைத்தோம். பின்னேரத்துக்குள் சாமான் எல்லாம் இருபது எட்டு நடந்து போய்விட்டது. அடுப்பை என் மனைவியே தூக்கினாள். நான் கை கொடுக்கப் போனபோது, வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

நிக்காஹ் குறித்த நாளில் நடந்தது. நான் குடியிருந்த முன்னறையில் விருந்தாளிகளோடு விருந்தாளியாக ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சஹன் சோறு சாப்பிட்டேன். இரண்டு வருடம் கழித்து மச்சான் கட்டாருக்குப் போனார். பிறகு கலியாணம் முடித்து மனைவியின் ஊரில் குடியேறினார். எங்கள் கூரையைப் பற்றி அவர் கேட்கவுமில்லை, நாங்கள் சொல்லவுமில்லை. சொல்ல முறையில்லை. ஒரு பெண்ணுக்கு ஒரு வீடு. என் மனைவிக்கு அதைக் கொடுத்தாயிற்று. அவள் அதைத் தங்கச்சிக்கு எழுதியது அவளுடைய விருப்பம். அந்தச் சுவர்களுக்கு மேலே ஓடு போட இனி ஒருவருக்கும் கடமையில்லை.

கிடுகை வருடத்துக்கு ஒருதரம் மாற்ற வேண்டும். நான் ஏறுவேன். அவள் கீழே நின்று ஒவ்வொன்றாக எடுத்துத் தருவாள். எந்த முடிச்சுத் தளர்ந்திருக்கிறது என்று மட்டும் சொல்லுவாள்.