அதார் மாதம் இரண்டு முறை வந்த ஆண்டு

காலை 9.10. திருவனந்தபுரத்தில் விமானத்திலிருந்து இறங்கி, களியக்காவிளை வழியாக நாகர்கோவில் வந்து, முட்டம் பேருந்தில் உட்கார்ந்தேன். இன்னும் பதினேழு கிலோமீட்டர். ஊருக்கு வந்து மூன்று ஆண்டாகிறது.

இருபது ரூபாயை நீட்டினேன். கண்டக்டர் வாங்கவில்லை.

"லேடீஸுக்குக் காசு இல்லக்கா. வெளியூரா?"

"முட்டந்தான். இஸ்ரேல்ல இருந்து வாறேன்."

ஹைஃபா நகரில் தொண்ணூறு வயது மூதாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த வீட்டில் எல்லாம் யூதர்களின் எபிரேய நாட்காட்டிதான். நீசான் மாதம் வேறு ஆள் வந்ததும் நீ போகலாம் என்று அவர் மகன் சொன்னார். உடனே என் மகள் ஜெனிக்குப் போனில் மாதங்களை வரிசையாகச் சொன்னேன்: திஷ்ரி, ஹெஷ்வான், கிஸ்லேவ், தெவேத், ஷெவாத், அதார், நீசான்.

"அதார் முடிஞ்சா அம்மா வந்துருவேன் மக்கா."

பதினொரு வயதுக்காரி நோட்டில் எழுதிவைத்து, முடிந்த மாதங்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வந்தாள்.

எனக்கு ஒன்று தெரியாமல் போயிற்று. அவை நிலாவைப் பார்த்து எண்ணும் மாதங்கள். பன்னிரண்டும் சேர்ந்தால் சூரிய ஆண்டைவிடப் பதினொரு நாள் குறையும். நீசானில் வரும் பஸ்கா பண்டிகை வசந்தத்தை விட்டு நழுவாதிருக்கப் பத்தொன்பது ஆண்டில் ஏழு முறை ஒரு மாதம் கூட்டுவார்கள். அந்த ஆண்டு அதார் முடிந்ததும் இன்னொரு அதார் வந்தது.

"ஒரே மாசம் ரெண்டு மட்டம் வருமா? வர இஷ்டமில்லன்னா சொல்லு," என்றாள் ஜெனி. அந்த இரண்டாம் அதாரின் இருபத்தொன்பது நாளும் அவள் என்னிடம் பேசவில்லை.

10.05. முட்டம் நிறுத்தத்தில் கணவர் மட்டும் நின்றார்.

"பிள்ள எங்க?"

"லைட் ஹவுசுக்குக் கீழ பாறையில இருக்கா. விளிச்சேன், வரல்ல."

பெட்டியை அவரிடம் விட்டுவிட்டு நடந்தேன். என்னைக் கண்டு எழுந்தாள். என் தோளுக்கு வளர்ந்திருந்தாள். போனில் முகந்தான் தெரியும், உயரம் தெரியாது.

"அம்மா பொய் சொல்லல்ல மக்கா."

"தெரியும். ஸ்கூல் கம்ப்யூட்டர்ல பாத்தேன்."

"பிறகு ஏன் பேசல்ல?"

"பேசினா அழுக வரும்."

இருவரும் பாறையில் உட்கார்ந்தோம். ஹைஃபா வீட்டிலிருந்தும் கடல் தெரியும். மூன்று ஆண்டும் அதைப் பார்த்துத்தான் முட்டத்தை நினைத்தேன். இப்போது முட்டத்துக் கடலைப் பார்த்துக்கொண்டு, அந்த மூதாட்டிக்குப் புதிதாக வந்த ஆள் காலைக் காப்பி கொடுத்திருப்பாரா என்று நினைத்தேன்.

"நம்ம காலண்டர்ல இப்பிடி மாசம் கூடுமா?" என்றாள் ஜெனி.

"கூடாது."

"அப்போ இங்கேயே இரும்மா."

மறுபடி எப்போது வருகிறாய் என்று ஹைஃபாவில் வேலை வாங்கிக் கொடுத்த ஏஜென்ட் காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தார். அவள் பார்க்க, அந்தப் பாறையிலிருந்தே பதில் போட்டேன்: "நான் வரவில்லை."