துணி ரூம்

கட்டிங் மேஜையிலிருந்து ஒரு நீலச் சாக்பீஸைக் கேட்டு வாங்கிவந்து, சமையலறைத் தரையில் அக்கா ஒரு நீண்ட கட்டம் போட்டாள். பனியன் வெட்டுவதற்கு முன்னால் துணியில் அளவு குறிக்கிற சாக்பீஸ் அது. மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்திருந்த நேரம். "இது செவுரு. இது கதவு. கதவச் சாத்துனா உள்ள நாம மட்டுந்தான் இருக்கோணும்" என்றாள். நான் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா என்று நான் சொல்வது என் கணவரின் அண்ணன் மனைவியை, அதாவது என் மூத்த ஓரகத்தியை. அவளுடைய கணவரைப் பெரிய மாமா என்று கூப்பிடுவேன். அறுபதுகளின் நடுவில் நான் கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்தபோது, அண்ணனும் தம்பியும் ஒரே வாடகை வீட்டில், ஒரே அடுப்பில் சாப்பிட்டுக்கொண்டு ஒரு பனியன் கம்பெனி நடத்தினார்கள். கம்பெனி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அதுவும் அந்த வீட்டுக்குள்ளேதான் இருந்தது.

முன்கூடத்தில் தையல் மெஷின்கள், நடையில் கட்டிங் மேஜை, தாழ்வாரத்தில் பனியனை மடித்துப் பெட்டியில் போடும் பெண்கள். எங்களுக்கு என்று மிஞ்சியது சமையலறையும் இரண்டு உள்ளறைகளும். அந்த அறைகளிலும் கட்டில் போட்ட இடம் போக மீதியெல்லாம் பண்டல்தான். எந்தெந்த ஊருக்கோ உடுப்பு போய்க்கொண்டிருந்த அந்த வீட்டில், எங்கள் உடுப்புக்கு இருந்தது சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டிய ஒரு கொடி. என் சேலை, அக்காவின் சேலை, ஆண்களின் வேட்டி, குழந்தைகளின் பாவாடை எல்லாம் அதில் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கும். அடியில் கிடப்பதை இழுத்தால் மேலே கிடப்பது தலையில் விழும். பஞ்சுத்தூசி படிந்து படிந்து, கறுப்புச் சேலை மாவு மில்லுக்குப் போய்வந்தது மாதிரி ஆகிவிடும். பட்டுச்சேலைகள் கட்டிலுக்கு அடியில் தகரப்பெட்டியில் இருந்தன. பெட்டிக்கு முன்னால் பண்டல்களை அடுக்கியிருப்பார்கள். யார் வீட்டிலாவது முகூர்த்தம் என்றால், பண்டலை நகர்த்தித் தரச்சொல்லி முதல் நாளே ஆட்களிடம் சொல்லிவைக்க வேண்டும். எங்களிடம் என்னென்ன பட்டு இருக்கிறது, எதில் எந்தக் கரை என்பதெல்லாம் மடிக்கிற பெண்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரிந்திருந்தது.

எனக்கு இதெல்லாம் பெரிய குறையாகப் படவில்லை. நான் பிறந்த வீடும் நெருக்கடியான வீடுதான். அக்கா அப்படி இல்லை. மடத்துக்குளத்துப் பக்கம் தோப்பு வீட்டில், நாலு அறையில் இரண்டு பேர் புழங்கி வளர்ந்தவள். சாப்பாட்டிலோ நகையிலோ அவள் ஒரு குறையும் சொன்னதில்லை. ஆனால் அந்தக் கொடியை அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கம்பெனி ஆட்கள் தண்ணீர் குடிக்கப் புழக்கடைக்குப் போகும் வழி எங்கள் அறைக்குள்ளேதான் போயிற்று. ஆகவே நாங்கள் உள்பாவாடையையும் ரவிக்கையையும் சேலைக்கு அடியில் ஒளித்துத்தான் கொடியில் போடுவோம். அவை சரியாகக் காயாமல் ஒரு வாடை அடிக்கும். யாராவது அந்த வழியே போனால் அக்கா எழுந்துபோய்க் கொடியில் கிடப்பதை ஒருமுறை இழுத்துவிட்டு வருவாள். "நம்மளையே எடுத்துக் கொடியில போட்ட மாதிரி இருக்குது அம்மிணி" என்று ஒரு நாள் சொன்னாள். அதற்கு நான் சிரித்தேன்.

அப்புறம்தான் அந்தச் சுங்குடிச் சேலை விவகாரம் நடந்தது. பனியன் பெட்டிகளைப் பண்டலாகக் கட்டும்போது மேலே பழைய வேட்டியையோ சேலையையோ சுற்றிக் கட்டுவார்கள். கொடியிலிருந்து நழுவிப் பண்டலின்மேல் விழுந்துகிடந்த அக்காவின் சுங்குடிச் சேலையை, சுற்றுத் துணி என்று நினைத்து யாரோ சுற்றிக் கட்டிவிட்டார்கள். அது தள்ளுவண்டியில் ஏறிக் காதர்பேட்டைக்குப் போய்விட்டது. அங்கே பெரிய மாமாவிடம் சரக்கு எடுக்கும் பாய் ஒருவர் கடை வைத்திருந்தார். சாயங்காலம் அவரே கிளம்பி வந்தார். சேலையைக் காகிதத்தில் மடித்துச் சுற்றி, நூல் போட்டுக் கட்டியிருந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு, "பண்டலோட வந்திருச்சுங்க. ஊட்டுப் பொம்பளைங்க சீலையாட்டம் தெரிஞ்சுது. கடப் பசங்க கையில குடுக்கலீங்க, நானேதான் மடிச்சேன்" என்று மாமாவிடம் கொடுத்தார். உள்ளே நின்ற எங்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மாமா அன்றைக்குச் சாப்பிடும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நல்ல மனிதர்தான். ஆனால் மேஜையில் பரப்புவது, வெட்டுவது, விற்பது என்பதைத் தாண்டித் துணியைப் பற்றி அவருக்கு வேறு நினைப்பு கிடையாது. "சீல திரும்பி வந்திருச்சுல்ல, அப்புறமென்ன" என்றார். அக்கா அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அந்தச் சேலையை அவள் பிறகு கட்டவே இல்லை.

அந்த வருஷமே அண்ணனும் தம்பியும் ஊருக்கு வெளியே இடம் வாங்கி வீடு கட்ட ஆரம்பித்தார்கள். கம்பெனி முன்பக்கம், குடித்தனம் பின்பக்கம் என்று ஏற்பாடு. அதைக் கேட்ட மறுநாள்தான் அக்கா சாக்பீஸை எடுத்தாள். துணி வைப்பதற்கென்றே ஓர் அறை வேண்டும் என்றாள். பீரோ வாங்கித் தரச்சொல்லலாமே என்றேன். பீரோவுக்கு முன்னால் நிற்கத்தான் முடியும், உள்ளே போக முடியாதே என்றாள். ஒரு பெண் தன் சேலைகளுக்கு நடுவே போய் நிற்கலாம் என்ற எண்ணமே எனக்குப் புதிதாக இருந்தது. உடுமலைப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடையை அவள் பார்த்திருக்கிறாள். தரையிலிருந்து கூரைவரை தட்டு, நடுவில் பாய் விரித்திருக்கும். அதேபோல் வேண்டும், ஆனால் வியாபாரமும் ஆளும் இருக்கக் கூடாது. படுக்கையறைக்குள்ளிருந்து கதவு. வெயில் வரவும் பார்வை வராமலிருக்கவும் உயரத்தில் ஒரு ஜன்னல். பட்டுக்கு ஒரு தட்டு, பழைய வேட்டியில் சுற்றி வசம்பு போட்டு வைக்க. கட்டிக் களைந்ததை ஆறப்போட ஒரு கம்பி. ஆளுயரக் கண்ணாடி. உள்ளே நின்றே சேலை மாற்றிக்கொள்ளலாம். நானும் கொஞ்சம் கொஞ்சமாக ஆசைக்குள் இறங்கிவிட்டேன். கண்ணாடிக்குப் பக்கத்துத் தட்டு எனக்கு வேண்டும் என்று கேட்டேன். "எடுத்துக்க" என்று உடனே கொடுத்துவிட்டாள். பிறகு சில மாதங்கள் எங்களுக்கு அதுதான் பேச்சு. கொடியிலிருந்து சேலையை உருவும்போதெல்லாம், "இது அங்க எந்தத் தட்டுல இருக்கும்?" என்று ஒருத்தியை ஒருத்தி கேட்டுக்கொள்வோம்.

மாமாவிடம் அவள் கேட்ட அன்று நானும் பரிமாறிக்கொண்டிருந்தேன். "ஏனுங்க, புது ஊட்ல படுக்கற ரூமுக்குப் பக்கத்துல ஒரு துணி ரூம் வேணுங்க. ரெண்டு பக்கமும் தட்டு வெச்சு" என்றாள். மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "கட்டீரலாம் புள்ள. நானே கேக்கலாம்னு இருந்தேன்" என்றார். எங்களுக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? அன்றைக்கு அந்த ஒரு சொல்லை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை. பெண்கள் கட்டுவதற்கு எங்கள் ஊரில் சீலை என்றுதான் பெயர். துணி என்று சொன்னால், திருப்பூரில் அப்போதும் சரி இப்போதும் சரி, அது பனியன் துணிதான். துணி வந்துவிட்டதா, துணி போய்விட்டதா, துணி நனைந்துவிட்டதா என்று ஊர் முழுக்க நாள் முழுக்கப் பேசுவது அதைப் பற்றித்தான். குழந்தைகள் உடுப்பு, மாமாவின் வேட்டி எல்லாமும் சேர்த்துத்தானே என்று அக்கா துணி என்றாள். சேலைக்கென்று ஓர் அறை கேட்கிறோமே என்ற வெட்கமும் கொஞ்சம் இருந்திருக்க வேண்டும்.

வாசக்கால் பூசைக்குப் போய்வந்ததோடு சரி, வீடு கட்டும் இடத்துக்கு நாங்கள் போகவில்லை. பால் காய்ச்சிய அன்றுதான் முழுசாகப் பார்த்தோம். படுக்கையறைக்குப் பக்கத்தில் அறை இருந்தது. ஆனால் படுக்கையறைக்குள்ளிருந்து அதற்கு வழி இல்லை. வெளியே இறங்கிச் சுற்றிக்கொண்டு போனால், பக்கவாட்டுத் தெருவைப் பார்த்து அகலமான இரட்டைக் கதவு. வண்டியிலிருந்து சரக்கை நேரே உள்ளே தள்ளுவதற்குத் தோதாக உயரம் பார்த்துத் திண்டு கட்டியிருந்தார்கள். பனியன் பெட்டி ஆழத்துக்குத் தட்டுகள். அத்தனையும் அழகாகச் செய்திருந்தது. மாமா கதவை விரியத் திறந்துகாட்டி, "எப்படிப் புள்ள, நீ கேட்ட துணி ரூமு? கம்பெனி மேல எனக்கு இல்லாத அக்கற இவளுக்கு இருக்குதுன்னு மேஸ்திரிகிட்ட சொல்லிச் சொல்லிக் கட்டுனேன்" என்றார். அக்கா மேலும் கீழும் பார்த்தாள். "நல்லாருக்குதுங்க" என்றாள். அவளிடம் எதையாவது சொல்லித் தேற்றலாம் என்றால், வந்தவர்களுக்குப் பந்தி போடும் வேலை இருந்தது.

மறுநாள் காலையில் பழைய வீட்டிலிருந்து பண்டல்கள் வந்தன. நான் வெளியே வந்து பார்த்தபோது இரட்டைக் கதவு திறந்திருந்தது. அக்கா திண்டின்மேல், வாசலை மறித்து நின்றுகொண்டிருந்தாள். தெருவில் நின்று யாரிடமும் பேசாதவள் அவள். "அம்மா, கொஞ்சம் தள்ளிக்குங்க, துணி எறக்கோணுங்க" என்றார் வண்டிக்காரர். "உள்ள துணி இருக்குதுங்க. எடமில்லீங்க" என்றாள். அவர் எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவ்வளவு பெரிய அறையின் நடுவே அவளுடைய தகரப்பெட்டி மட்டும் இருந்தது. விடியும் முன்னே அதை அவளே தூக்கிக்கொண்டு தெருவழியாகச் சுற்றி வந்திருக்கிறாள். சத்தம் கேட்டு மாமா வந்தார். வண்டிக்குப் பின்னால் ஆட்களும் நின்றிருந்தார்கள்.

"உள்ள என்ன துணி புள்ள இருக்குது?"

"என்னோடதுங்க."

"துணி ரூமுன்னு நீதான கேட்ட?"

"ஆமாங்க. நான் கட்டறதும் துணிதானுங்களே."

மாமாவுக்குப் புரிந்த அந்த நேரத்தை அவர் முகத்தில் நான் பார்த்தேன். கோபிப்பார் என்று பயந்துகொண்டிருந்தேன். "சீலைக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல" என்று அடங்கிய குரலில் கேட்டார். "அத வாய்விட்டுக் கேக்க வெக்கமா இருந்துச்சுங்க. இப்ப இல்லீங்க" என்றாள். கதவைப் பிடித்திருந்த பிடி தளரவில்லை. மாமா தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு வண்டிக்காரரிடம், "முன் ஹாலுக்குத் திருப்புங்க" என்றார். வருகிற வியாபாரிகளை உட்காரவைக்க அவர் ஆசையாகக் கட்டிய ஹால் அது. அதில் பண்டல் ஏறியது.

அந்த வாரமே மேஸ்திரி வந்து, படுக்கையறைச் சுவரை உடைத்து வழி விட்டு, தெருப்பக்கத்தைச் செங்கல் வைத்து அடைத்தார். தட்டுகளின் ஆழத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. உள்ளே தள்ளிவிட்ட ரவிக்கையை எடுக்க, தோள்வரை கையை விட்டுத் துழாவ வேண்டும். கண்ணாடிக்குப் பக்கத்துத் தட்டை எனக்கு ஒழித்துக் கொடுத்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நான் முதன்முதலில் சேலை மாற்றிய நாள் எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று இப்போது சொன்னால் யாருக்கும் விளங்காது. என் மருமகள் வீட்டிலும் இப்படி ஓர் அறை உண்டு. உள்ளே நடந்து போகலாம் என்று சொல்லித்தான் கட்டினார்கள். இப்போது அதில் கால் வைக்க இடமில்லை, வாசலில் நின்று வேண்டியதை இழுத்துக்கொள்கிறாள். அக்காவின் அறை ஒரு நாளும் நிரம்பியதில்லை. அவளிடம் அவ்வளவு சேலையும் இல்லை, வாங்கிச் சேர்க்கவும் இல்லை. மத்தியானத்தில் சிலநேரம் உள்ளே போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

அடுத்த தீபாவளிச் சமயத்தில் சரக்கு குவிந்துவிட்டது. ஹால் நிறைந்து, நடை நிறைந்து, மறுபடியும் கட்டிலுக்கு அடிவரை பண்டல் வந்துவிட்டது. மாமா அந்த அறைக்கதவைத் திறந்து தலையை நீட்டிப் பார்த்தார். இடத்தை வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கை அவர் குரலிலேயே தெரிந்தது.

"பாதி ரூமு சும்மாதான கெடக்குது புள்ள. நாலு பண்டல் வெச்சுக்கட்டுமா?"

சேலை மடித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"சும்மா கெடக்கட்டுங்க. அதுக்குத்தானுங்க கேட்டேன்."