சிவப்பு ஜன்னலில் எட்டு

இதை நீங்கள் நம்பமாட்டீர்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் நானும் நம்பமாட்டேன். நான் இயற்பியல் படித்தவன். எங்கள் தெருமுனை வேப்பமரத்தில் பேய் இருக்கிறது என்று சொன்ன பையன்களைக் கூட்டிக்கொண்டு போய், அதன் அடியிலேயே உட்கார்ந்து வேர்க்கடலை தின்று காட்டியவன். அதிலும் கேமரா விஷயத்தில் யாராவது ஆவி கீவி என்று ஆரம்பித்தால் சண்டைக்கே போவேன். வெளிச்சம் கண்ணாடி வழியாக உள்ளே போகிறது, பிலிமில் விழுகிறது, அவ்வளவுதான், இதில் ஆவி எங்கே வந்து உட்காரும் என்று கேட்பேன்.

எனக்குப் பழைய சீனக் கேமராக்கள் மேல் பைத்தியம். எட்டாம் வகுப்பில் பிடித்தது, இன்னும் தெளியவில்லை. பினாங்கிலிருந்து திரும்பி வந்து உளுந்தூர்பேட்டையில் லாரி டயர் கடை வைத்திருந்த ஒருவர், ஓடாத கேமரா ஒன்றை என் கையில் கொடுத்து, விளையாடிக்கோ என்றார். நான் விளையாடவில்லை, மூன்று மாதம் உட்கார்ந்து அதை ஓடவைத்தேன். ஜெர்மன்காரனைப் பார்த்துச் செய்த கேமராதான், ஆனால் சீனாக்காரன் இரும்பை அளக்காமல் போட்டிருப்பான், கையில் எடுத்தால் செங்கல் கனம் கனக்கும். ஜப்பான் கேமரா வைத்திருக்கிறவர்களுக்கு என்னைக் கண்டாலே இளப்பம். அப்பாவோ வருகிறவர்களிடம் எல்லாம், "பட்டம் வாங்கிட்டு டப்பா பொறுக்கிகினு கீறான்" என்பார். எனக்கு ரோஷமே வராது. அப்போது என்னிடம் ஏழு இருந்தன. எட்டாவதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த முனிரத்தினம் அண்ணன்தான் அதைச் சொன்னார். "தம்பி, மேல ஒரு டீச்சரம்மா வூட்ல ரெண்டு கண்ணு வச்ச பொட்டி ஒன்னு கீது. நீ கேப்பியே, அந்தச் சீனாக்காரன் பொட்டி."

இரண்டு கண் என்றால் மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ். மேல் லென்ஸ் நாம் பார்ப்பதற்கு, கீழ் லென்ஸ் படம் எடுப்பதற்கு. வயிற்றோடு பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்து மேலே உள்ள கண்ணாடியில் பார்க்க வேண்டும். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அது இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஜனங்கள் ரோட்டில் இறங்கிய வருஷம். மறுநாள் மறியல் என்று ஊரே பரபரத்துக்கொண்டிருந்தது. பெரியப்பா மகன் தணிகாசலம் அண்ணன் முதல் நாள் சாயங்காலமே வந்து சொல்லிவிட்டுப் போனார். "டேய் சேகரு, காலைல ஆறு மணிக்கு ரோட்டாண்ட வந்துடு. நான் அஞ்சாவதோட நின்னவன், எனக்கு இன்னாத்துக்கு இது? உன்ன மாதிரி படிச்சிட்டுச் சும்மா கீறவனுக்குத்தான்டா." வருகிறேன் என்று தலையாட்டினேன். காலை ஐந்து மணிக்கு, ரோட்டை மறிப்பதற்குள் போய்விடலாம் என்று, வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். எழுதும்போதே கூசுகிறது. ஆனால் இது ஒன்றுமே இல்லை, இனிமேல்தான் இருக்கிறது.

ஞானம் டீச்சருக்கு ஐம்பது வயது இருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே ஓட்டு வீடு, வாசலில் சாக்கு விரித்துக் கடுக்காய் காயப்போட்டிருந்தார். "பஸ்ஸே ஓடாதுன்னாங்களே, எப்டி தம்பி வந்தீங்க?" என்று கேட்டு நாற்காலி எடுத்து வாசலில் போட்டார். நான் கேமரா என்றதும் உள்ளே போய், துண்டில் சுற்றியிருந்ததை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இது எனக்கு இன்னாத்துக்கு? நீங்களே எடுத்துக்கினு போங்க. காசு ஒன்னும் வாணாம். உள்ள ரோல் கீது, அத மட்டும் கழுவிக் குடுத்துடுங்க. எம்பொண்ணு அதுல இருக்கா."

ராணி என்று ஒரே மகள். ஒன்பது வயதில் ஒரு கிறிஸ்துமஸுக்கு, பினாங்கில் இருந்த மைத்துனர் இந்தக் கேமராவைக் கொண்டுவந்து கொடுக்க, டீச்சரின் கணவர் பள்ளிக்கூடம், மாதா கோயில், மலை என்று ஆறு படம் எடுத்துவிட்டு, ஏழாவதாக மகளைப் புதுக் கவுனில் நிற்கவைத்து எடுத்திருக்கிறார். அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். ஜீப் கிடைத்துக் கீழே கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் அந்தக் கேமராவைத் தொடவே இல்லை, யாரையும் தொடவிடவும் இல்லை.

"பத்து வருசம் ஆச்சு. நானும் கேக்கல. போன வருசம் அவரும் போய்ட்டாரு. அவ போட்டோ வேற ஒன்னுகூட இல்ல தம்பி. ராத்திரில கண்ண மூடிப் பாக்குறேன், மூக்கு வருது, முடி வருது, மூஞ்சி முழுசா வர மாட்டேங்குது. மறந்துடுவேனோன்னு பயமா கீது."

நான் வாங்கிப் பார்த்தேன். பின்பக்கம் மூடியில் சின்னதாகச் சிவப்புக் கண்ணாடி ஜன்னல். பிலிமுக்குப் பின்னால் கறுப்புக் காகிதம் ஒன்று கூடவே ஓடும், அதில் எண் அச்சடித்திருக்கும், அந்த எண் ஜன்னலில் தெரியும். ஏழு தெரிந்தது. படம் எடுத்தவர் அப்புறம் பிலிமை நகர்த்தும் சாவியைத் திருப்பவே இல்லை, ராணி இன்னும் லென்ஸுக்கு நேர் பின்னாலேயே இருக்கிறாள் என்று அர்த்தம்.

"வருமா தம்பி?"

"வரும் டீச்சர். மங்கலா இருந்தாலும் மூஞ்சி தெரியும்" என்றேன். பொய்யில்லை, வந்திருக்கும். டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டீ போட உள்ளே போனார்.

என்னைப்போல் கேமரா சேர்க்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கையில் ஒன்று கிடைத்ததும் முதல் வேலையாகப் பின்மூடியைத் திறந்து உள்ளே பார்க்க வேண்டும். இந்த வகையில் ஆரம்ப காலத்தில் செய்தவற்றுக்கு மட்டும் உள்விளிம்பில் ஒரு எண் வெட்டியிருப்பார்கள், அது இருந்தால் அபூர்வம். உள்ளே பிலிம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது இரண்டாவது பாவம். தெரிந்தேதான், நகக்கண் அளவு திறந்து எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்று நினைத்தேன். கொக்கியை அழுத்தினேன். பழைய ஸ்பிரிங், மூடி படாரென்று முழுசாகத் திறந்துகொண்டது, ரோல் துள்ளி விழுந்து, காலை வெயிலில் கடுக்காய்க்கு நடுவே வாசல்படி வரைக்கும் சுருள் பிரிந்து ஓடியது.

வெயில் பட்ட பிலிமில் ஒன்றும் மிஞ்சாது. ஒரு நொடி போதும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அள்ளிச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் திணித்தேன், மூடியைச் சாத்தினேன், டீச்சர் டம்ளரோடு வந்தபோது லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதைவிடக் கேவலம், எண் வெட்டியிருந்ததை அந்த நேரத்திலும் பார்த்துவிட்டேன், மனசில் ஒரு மூலை சந்தோஷப்பட்டது.

"பத்திரம் தம்பி" என்று டீச்சர் கேமராவை மறுபடி துண்டில் சுற்றிக் கொடுத்தார். வழியில் சாப்பிட மரவள்ளிக்கிழங்கு அவித்தது இலையில் கட்டித் தந்தார். சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். டீ நல்லாருக்கு என்றுதான் வந்தது.

பஸ் நிறுத்தத்தில் முனிரத்தினம் அண்ணன் பஸ் படியில் உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தார். "வண்டி எறங்காது தம்பி. கச்சிராயபாளையத்தாண்ட புளியமரம் ரோட்டுக்குக் குறுக்கப் படுத்துகினு கீதாம். உனக்கு இன்னிக்கு நடராஜா சர்வீஸ்தான். இன்னா மூஞ்சி பேயறஞ்சாப்ல கீது, பொட்டி கெடைக்கலயா?"

"கெடச்சுதுண்ணே" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

மூன்றாவது வளைவில், அந்த ரோலை எடுத்துப் பள்ளத்தில் வீசினேன். முள்ளுக்குள் போய் விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன். கேமராவைத் திறந்து இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன். உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் இரும்பு. இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்று பிறகு புரியும்.

இன்னும் கொஞ்சம் இறங்கி, உச்சிவெயில் நேரம், ரோட்டோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்தேன். ஒரு வண்டி இல்லை, ஆள் இல்லை, சாதாரணமாகக் கத்துகிற குருவிகூட அன்றைக்கு இல்லை. கிழங்குப் பொட்டலத்தைப் பிரிக்காமல் பக்கத்தில் வைத்தேன். கை சும்மா இருக்காதே, கேமராவின் மேல்மூடியைத் திறந்து வயிற்றோடு பிடித்துக் குனிந்து பார்த்தேன்.

கண்ணாடிக்குள் ரோடு தெரிந்தது. நடு ரோட்டில் ஒரு பெண் குழந்தை நின்றுகொண்டிருந்தது.

நிமிர்ந்து பார்த்தேன், யாரும் இல்லை. குனிந்தேன், நிற்கிறாள். சிவப்புக் கவுன், எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, ஒரு காலில் ஷூ, இன்னொரு கால் வெறுங்கால். வெயிலில் மயக்கம் என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், அதனால்தான் சோதித்துப் பார்த்தேன். இந்தக் கேமராவை வலது பக்கம் திருப்பினால் கண்ணாடியில் உள்ள காட்சி மொத்தமும் நகர்ந்து ஓடும், அது விதி. திருப்பினேன். ரோடு நகர்ந்தது, மரம் நகர்ந்தது, மலை நகர்ந்தது. அவள் மட்டும் நகரவில்லை. நடுவிலேயே நின்றாள். எந்தப் பக்கம் திருப்பினாலும், அசைந்தால் படம் கெட்டுவிடும் என்று யாரோ சொல்லி நிறுத்தியது மாதிரி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, லென்ஸையே பார்த்தபடி நின்றாள். என்னை அவள் பார்க்கவே இல்லை. படம் எடுக்கக் காத்திருந்தாள்.

என் விரல் அழுத்திவிட்டது. டக் என்றது. பழக்கதோஷம், சாவியையும் திருப்பினேன். உள்ளே பிலிம் இல்லாத கேமராவில் சாவி தொளதொளவென்று சுற்ற வேண்டும். அது சுற்றவில்லை. இறுக்கமாக, பிலிமை இழுக்கிற இழுவையோடு, கரகரவென்று ஓடி நின்றது. குனிந்து பார்த்தேன். வெறும் ரோடு.

அதற்கப்புறம் கீழே எப்படி வந்தேன் என்று தெரியாது. வெட்டிப்போட்ட மரங்களை ஒவ்வொன்றாகத் தாண்டி வீட்டுக்கு வந்தால், தணிகாசலம் அண்ணனைப் போலீஸ் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள் என்று பெரியம்மா அழுதுகொண்டிருந்தார். "நீ எங்கடா போயிருந்த?" என்று அப்பா கேட்டார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு துண்டைப் பிரித்தேன். சிவப்பு ஜன்னலில் எட்டு தெரிந்தது.

இரண்டு வாரம் கழித்து அண்ணன் வெளியே வந்தார். கையில் கட்டு. என்னைப் பார்த்துச் சிரித்து, "இன்னாடா, பொட்டி கெடச்சுதா?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

மாதம் ஒரு தடவை டீச்சர் கள்ளக்குறிச்சிக்கு வருவார். வரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கும் வருவார். பழைய ரோல், மெட்ராஸுக்கு அனுப்பியிருக்கிறேன் என்றேன். அப்புறம், கழுவுகிற மருந்து கிடைக்கவில்லையாம் என்றேன். ஒரு தடவை டீச்சர் எதையோ நினைத்துத் தானாகவே சிரித்தார்.

"அன்னிக்கு அவரு, ஷூ போட்டுக்கினு நில்லுடின்னாரு தம்பி. ஒரு கால்ல போட்டா, இன்னொன்னு ஏற மாட்டேன்னுது. பொறுமையே கெடையாது அவளுக்கு. ஒத்தக் கால் ஷூவோடயே ஓடிவந்து நின்னுட்டா. அது படத்துல தெரியுமா?"

எனக்கு அதை அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. சாமி சத்தியமாகச் சொல்லவில்லை.

"தெரியும் டீச்சர்" என்றேன். அவரிடம் நான் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மையாக இருக்கலாம்.

நான்கு வருஷம் ஆகிவிட்டது. போன மாதம் வந்தபோது, "வரலன்னாலும் பரவால்ல தம்பி. பெத்த புள்ள மாதிரி இவ்ளோ அலைஞ்சீங்களே" என்றார். அந்த இடத்திலேயே செத்திருக்கலாம்.

ஒரு இருட்டறைக்குப் போய்த் திறந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்துவிடும். உள்ளே ஒன்றும் இல்லையென்றால் நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும். பிலிம் இருந்தாலும் சொல்லியாக வேண்டும். அந்தத் தைரியம் எனக்கு இல்லை, பேய்க்குப் பயப்படாதவன் ஒரு டீச்சரம்மாவின் முகத்துக்குப் பயப்படுகிறேன். மற்ற ஏழு கேமராக்களையும் கொடுத்துவிட்டேன். இது மட்டும் டிரங்குப் பெட்டிக்குள் அதே துண்டில் இருக்கிறது.

இதை எழுத உட்காருவதற்கு முன்னால் எடுத்துப் பார்த்தேன். எட்டுதான். சாவியை ஒரு நூல் அளவு திருப்பிப் பார்த்தேன். அந்தப் பக்கம் யாரோ நுனியைப் பிடித்துக்கொண்டிருப்பது மாதிரி, விடாமல், இழுத்தது.