மனுவின் அடியில் எங்கள் வட்டம்

எங்கள் குப்பத்தில் வரலாறு எம்.ஏ. படித்தவள் நான் ஒருத்திதான். அதனால் பாடு தகராறு வந்ததும் என் தலையில் கட்டிவிட்டார்கள். பழவேற்காடு ஏரியில் எந்த ஊர், எந்த நாள், எந்த இடத்தில் வலை போடுவது என்ற முறைக்குப் பாடு என்று பெயர். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இறால் நன்றாகப் படும் ஓர் இடத்தில் எங்களுக்கு முறையே கிடையாது என்று அக்கரை ஊர்க்காரர்கள் சாதித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஊரும் கூடுவதற்குள் நான் ஒரு பழைய காகிதமாவது கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் அந்த இடம் கைவிட்டுப் போய்விடும்.

சென்னையில் ஆவணக் காப்பகத்தில் மூன்று நாள் தும்மியதுதான் மிச்சம். நான்காம் நாள், வெள்ளிக்கிழமை, ஒரு கட்டுக்குள் ஏரிக்கரை ஊர்கள் சேர்ந்து எழுதிய ஒரு பழைய மனு இருந்தது. அதே இடம், அதே இறால், எங்கள் முறையைப் பறிக்கக் கூடாது என்ற அதே கெஞ்சல். ஊர்ப் பெயர்கள் இருந்த இடத்தை மட்டும் பூச்சி தின்றிருந்தது. அழுகையே வந்துவிட்டது எனக்கு. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள், வலை யாருடையது என்று தெரிய மிதவையில் போடும் குறியை வரைந்திருந்தார்கள். மூன்றாவது குறி: இரண்டு கோடு, நடுவில் வட்டம். எங்கள் வீட்டுக் குறி.

சிரிப்பை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஊழியர் முறைத்தார். வெளியே ஓடி நைனாவுக்குப் போன் போட்டேன். அவர் படகில் இருந்தார்.

"நைனா, நம்ம மிதவையில இன்னா குறி?"

"ரெண்டு கோடு, நடுவுல வட்டம். இன்னாத்துக்குக் கேக்குற? தல சுத்துதா? சாப்டியா?"

"தாத்தாவும் அதானே போட்டாரு?"

"அவரு நைனாவும் அதான் போட்டாரு. நீ மொதல்ல சாப்புடு."

எங்கே சாப்பிடுவது? தலைகால் புரியவில்லை. நகலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறி, பொன்னேரி வருவதற்குள் முன்பின் தெரியாத இரண்டு பேருக்கு அதைக் காட்டிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கரை ஊர்ப் பெரியவர் நகலை வாங்கினார். எங்களுக்கு முறை இல்லை என்று அதிகமாகக் கத்தியவர் அவர்தான். "யாரோ கிறுக்குனது" என்று திருப்பிக் கொடுக்கப் போனவர், கண்ணைச் சுருக்கி மறுபடி பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்துக்கங்க. எங்க மீன்வால் குறிதான் மொதல்ல கீது. இவங்க வட்டம் மூணாவதுதான். மொத நாள் பாடு எங்களுக்கு."

முறையே இல்லை என்றவர் வாயாலேயே மூன்றாம் இடம் வந்துவிட்டது.

"சரி பெரியப்பா, மொத நாள் நீங்களே எடுத்துக்குங்க" என்றேன். "மூணாவது நாள் நாங்க வர்றோம்."

நைனா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு படகுப் பக்கம் நடந்தார்.