நகக்கனத்திலிருந்து விழுந்த நெல்

ஹஃப்ஸா உள்ளங்கையில் கரன்ட்டைப் பிடித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனாள் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அவள் கையில் இருந்தது ஒரே ஒரு நெல். எதிர்வீட்டு ஜன்னத் பீவி பார்த்தது நிஜம். பார்த்துவிட்டுச் சொன்னதுதான் பொய். "லட்சம் கோடி வோல்ட்டு மிஷினுக்குப் பொம்பளப் புள்ளைய அனுப்பிட்டாளே, பெத்தவளுக்குப் புத்தி வேணாமா?" என்ற பேச்சு பட்டுக்கோட்டைச் சந்தைவரை போயிற்று. பெற்றவள் ஹபீபுன்னிசா. அவளுக்கா புத்தி இல்லை? நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

ஹபீபுன்னிசா நெல் வாங்கி, அவித்து, காயவைத்து, அரிசியாக்கி விற்கிறவள். புருஷன் யூனுஸ் துபாயில். தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் முளைத்த காலம் அது. வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் போன் வரும். மகள் ஹஃப்ஸா தஞ்சாவூரில் பிசிக்ஸ் படித்து முடித்தாள். பம்பாயில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் இடம் கிடைத்தது. துகள்களை முட்டவிடுகிற ஒரு வெளிநாட்டு மிஷினில் அந்தக் கூடத்தாருக்கும் வேலை உண்டு. யூனுஸ் பொறுப்பைத் தள்ளிவிட்டார். "மச்சான் சரின்னா எனக்கும் சரி." மச்சான் என்றால் ஹபீபுன்னிசாவின் அண்ணன் ஷேக் பரீத். அவர் வாயிலிருந்து ஒரு 'சரி' விழாமல் ஹஃப்ஸா வாசலைத் தாண்ட முடியாது.

ஜும்ஆ முடிந்து அவர் வந்தபோது ஹபீபுன்னிசா முறத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஜன்னத் பீவி, கேட்காமலே வந்து உட்கார்ந்தவள்.

"அந்த மிஷினு லட்சம் கோடி வோல்ட்டாம்ல?" என்றார் பரீத். "நம்ம முக்கு டிரான்ஸ்பார்மரு வெறும் பதினோராயிரம். அதுல குரங்கு கை வச்சுது. எடுத்துப் பொதைக்கக்கூட ஒண்ணும் மிஞ்சல."

"வோல்ட்டு இல்ல மாமா, எலக்ட்ரான் வோல்ட்டு. ஒரு எலக்ட்ரான் ஒரு வோல்ட்டைத் தாண்டுறப்ப கிடைக்கிற துளி சக்தி. அப்படி லட்சம் கோடி துளி," என்றாள் உள்ளேயிருந்து வந்த ஹஃப்ஸா.

"துளியோ குடமோ, லட்சம் கோடின்னா லட்சம் கோடிதானே?"

ஹஃப்ஸாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. முறத்திலிருந்து ஒரு நெல்லை எடுத்தாள். "இந்த நெல்லு எவ்வளவு உயரத்துலேர்ந்து விழுந்தா அந்தச் சக்தி வரும்னு சொல்றேன்." காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கணக்குப் போட்டாள். போட்டு முடித்ததும் அவள் முகமே சுருங்கியது. "ஆறரை கிலோமீட்டர்."

"யா அல்லா!" என்று எழுந்த ஜன்னத் பீவி செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை. அவள் போன வேகத்தில், மாலை அஸர் தொழுகைப் பாங்குக்குள் தெரு முழுக்கச் சேதி பரவிவிட்டது: பம்பாயில் மிஷினைப் போட்டால் ஆகாயத்திலிருந்து நெல் விழுந்து மண்டை பிளக்கும்.

பரீத் துண்டை உதறித் தோளில் போட்டார். "நீயே சொல்லிட்டே. நான் கெளம்புறேன்."

ஹபீபுன்னிசா புடைப்பதை நிறுத்தவே இல்லை. "எந்த மரக்கால்ல அளந்தே?" என்றாள்.

அந்தப் பக்கத்தில் நெல் விலை பேசுவதற்கு முன் இதைத்தான் கேட்பார்கள். ஓர் ஊரில் நெல் அளக்கும் மரக்கால் இன்னோர் ஊரில் அரைப்படி குறையும். கிலோ வந்து எவ்வளவோ காலமாகியும் களத்தில் கூலி நெல் மரக்காலில்தான் விழும். ஹபீபுன்னிசாவுக்கு எந்தக் கணக்கைக் கண்டாலும் அந்தக் கேள்வி தானாக வந்துவிடும். துபாய் தங்கத்துக்கும் அதையே கேட்டவள் அவள்.

"உம்மா, இது நெல் வியாபாரமா?" என்று சீறிய ஹஃப்ஸா, சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். தாளை மறுபடி பார்த்தாள். லட்சம் கோடி துளிக்கு அவள் மனதில் இருந்த எண் ஒரு பழைய புத்தகத்திலிருந்து வந்தது. அது எர்க் என்ற சின்ன அளவு. நெல் விழுகிற கணக்கையோ ஜூல் என்ற பெரிய அளவில் போட்டிருந்தாள். ஒரு ஜூலில் ஒரு கோடி எர்க்.

"ரெண்டு மரக்கால் கலந்துட்டேன்ம்மா! கோடி மடங்கு தப்பு!"

"அது போதுமே குடி கெட," என்றாள் உம்மா.

ஆறரை கிலோமீட்டரைக் கோடியால் வகுத்தால் வந்தது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. நகக்கனம். அலமாரியில் கிடந்த ஒரு கல்யாணப் பத்திரிகையின் தடித்த அட்டையை எடுத்து, உம்மா கீழே வைத்த முறத்தின் வெற்று ஓரத்தில் வைத்தாள் ஹஃப்ஸா. அதன் விளிம்பிலிருந்து நெல்லைச் சுண்டுவிரலால் தள்ளிவிட்டாள். பரீத் குனிந்து முறத்தில் காதையே வைத்துவிட்டார்.

"ஒரு சத்தமும் கேக்கலியே?"

"அவ்வளவுதான் மாமா உங்க லட்சம் கோடி."

பயம் போயிற்று. ஆனால் பரீத் லேசில் விடுகிற ஆளா? "சத்தமே கேக்காத ஒண்ணுக்கு எதுக்குப் பம்பாய்? இங்கேயே தள்ளி விளையாடு."

"இந்த ஒரு நெல்லுக்குள்ள எத்தனை துகள் தெரியுமா? கோடியைக் கோடியால பெருக்கி, அதையும் கோடியால பெருக்கினாலும் பத்தாது. அத்தனையும் சேந்து விழுற சக்தியை ஒரே ஒரு துகள் தலையில ஏத்திடுறாங்க மாமா. ஏத்தி, இன்னொண்ணு மேல முட்ட விடுறாங்க."

"முட்டினா?"

"அதைப் பாக்கத்தானே போறேன்."

பரீத் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார். தாயும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. தெருமுனைவரை போன செருப்புச் சத்தம் நின்றது, திரும்பி வந்தது. வாசலில் நின்றபடியே கேட்டார்.

"முட்டினா என்ன ஆச்சுன்னு எனக்கு வந்து சொல்லுவியா?"

"மொத ஆளா உங்களுக்குத்தான் சொல்லுவேன்."

"அப்ப சரி."

புறப்படுகிற அன்று பெட்டியை அவரே தலையில் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார், தஞ்சாவூர் ரயிலடிவரை கூடப் போவதற்கு. ஹபீபுன்னிசா அழவில்லை. மகளின் கையில் ஒரு நெல்லை வைத்து மூடினாள். "போன எடத்துல எந்த மரக்கால்னு முதல்ல கேட்டுக்க. அப்புறம் கணக்குப் போடு."

எதிர்வீட்டு வாசலில் ஜன்னத் பீவி கழுத்தை நீட்டினாள். "கையில என்னத்தப் புள்ள பொத்தி வச்சிருக்கே?"

"அந்த மிஷினோட கரன்ட்டு, மாமி. தொட்டுப் பாக்குறீங்களா?"

ஜன்னத் பீவி உள்ளே குதித்துக் கதவைச் சாத்தினாள். ஹஃப்ஸா சிரித்துக்கொண்டே, பிஸ்மி சொல்லி, வலது காலை வாசலுக்கு வெளியே வைத்தாள்.