கஸ்தூரி ஒட்டிய தாள்

கஸ்தூரி மாரடைப்பில் போய்விட்டார் என்ற செய்தி சனிக்கிழமை காலை வந்தது. அப்போது திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில், நுழைவாயில் கணினியை மறுதொடக்கம் செய்ய உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு வருடங்களாக என் பக்கத்து நாற்காலி அவருடையது.

அவரோடு வேலை செய்த உங்களுக்கு அந்தத் தாள்கள் நினைவிருக்கும். எந்த லினக்ஸ் கணினியையும் மறுதொடக்கம் செய்யும் முன் ‘க்ரப்பி’ என்ற கட்டளையை ஓட்டுவார். கணினி விழித்ததும் இயங்குதளத்தின் கருவான ‘கெர்னல்’ கோப்புகளில் எதை, எங்கிருந்து ஏற்ற வேண்டும் என்பதை அது காட்டும். அதைக் கையால் எழுதி, அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுவார். “இன்னா கஸ்தூரி, ரேஷன் கடை போர்டா?” என்று கேலி செய்ததில் நான்தான் முதல் ஆள்.

“சிரிச்சிக்கோபா. மிஷினே பட்த்துக்கினா, உள்ள கீற ஃபைலை எப்டி படிப்பே?” என்பார்.

ஒரு நாள் அவசரத்தில், க்ரப்பியை விட்டுவிட்டு, அந்த விவரங்கள் இருக்கும் அமைப்புக் கோப்பை நானே நேரடியாகத் திருத்தினேன். ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனது. கணினி எழவில்லை. கறுப்புத் திரையில், கெர்னலை ஏற்றும் நிரலின் பெயரான ‘க்ரப்’ என்ற ஒற்றைச் சொல் மட்டும் நின்றது. வெளியே லாரிகள் எண்ணூர் சாலைவரை தேங்கிவிட்டன. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுமாறு தலைமை அலுவலகப் பொறியாளர் ஸ்பீக்கர் போனில் சொன்னார். அப்படிச் செய்திருந்தால் அன்று உள்ளே வந்த கன்டெய்னர் விவரமெல்லாம் போயிருக்கும், கூடவே என் வேலையும்.

“அதெல்லாம் வாணாம் சார். கெர்னல் பத்திரமா உள்ளதான் கீது. வழி எய்தி வச்சிகினு கீறேன்” என்றார் கஸ்தூரி. மறுமுனையில் யாரோ சிரித்தார்கள். வியாசர்பாடிப் பேச்சுக்குச் சிரிப்பவர்களை அவர் நிறையப் பார்த்தவர். என்னைத் தாளைப் படிக்கச் சொல்லி, நான்கு வரிகளைத் தட்டினார். இயந்திரம் எழுந்தது.

“எய்ந்துச்சி சார். இப்ப சிரிங்க.”

யார் தவறு என்று கேட்டார்கள். “எங்க ரூம்ல ஆச்சி, நாங்களே சரி பண்ட்டோம்” என்று போனை வைத்துவிட்டார். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஆள் நான் என்ற கர்வம் எனக்கு இன்னும் இறங்கவில்லை.

சனிக்கிழமை செய்தி கேட்டதும், உடனே கிளம்பத்தான் எழுந்தேன். அலமாரிக் கதவில் அவர் கையெழுத்து, போன மாதத்துத் தாள். மறுபடி உட்கார்ந்து க்ரப்பியை ஓட்டி, வரிவரியாக எழுதி, அவர் தாளைக் கிழிக்காமல் பக்கத்திலேயே ஒட்டினேன். கணினி எழுந்ததைப் பார்த்த பிறகுதான் வியாசர்பாடியில் அவர் வீட்டுக்குப் போனேன். கொஞ்சம் தாமதம்தான். கஸ்தூரி கோபித்துக்கொண்டிருக்க மாட்டார்.