மருமகன் உரித்த மீன்

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்து இருப்பதுதான் வழக்கம். என் மருமகனும் அப்படித்தான் வந்தார், கடல் தெரியாத வயல்காரப் பிள்ளை. மாமியான என்னைச் சந்தோசப்படுத்த நினைத்து ஒரு நாள் தனியாகத் தூண்டிலோடு கற்பிட்டிப் பக்கம் போனவர், மத்தியானம் மீனோடு குசினி வாசலில் நின்றார். தோலுரித்து, தலை நீக்கி, வெள்ளை வெளேரென்று கழுவியும் இருந்தார். அடுப்பில் வெங்காயம் பொரிந்துகொண்டிருந்தது. உள்ளே ஆறு மாத வயிற்றுப் பிள்ளையோடு மகள் பசியில் இருந்தாள்.

மீனைத் தடவிப் பார்த்தேன். விலா முள்ளே இல்லை. மீன் தின்றே வளர்ந்த எனக்கு அது பெரிய புதினம். ஒன்றைத் துருவிக் கேட்காமல் விட்டால் எனக்குச் சோறு இறங்காது.

"தலை எங்க மகன்?"

"கடல்லயே போட்டுட்டன் மாமி. தோலெல்லாம் முள்ளு, கத்தியே மழுங்கிட்டுது."

"வாய் எப்பிடி இருந்திச்சு?"

"கிளிட சொண்டு மாதிரி. பல்லெல்லாம் ஒண்டாச் சேர்ந்து. வயித்துக்குள்ள நண்டு ஓடு தூள் தூளாக் கிடந்திச்சு."

நான் மெச்சுகிறேன் என்று நினைத்து அவருக்கும் உற்சாகம். எனக்கோ ஆசை அடங்கவில்லை. நண்டு ஓட்டை நொறுக்கும் சொண்டு எப்படி இருக்கும்?

"தண்ணியால எடுத்ததும் என்ன செஞ்சிச்சு?"

"பந்து மாதிரி ஊதிச்சு மாமி," என்று இரண்டு கையாலும் காட்டினார்.

பேத்தை. வலையில் பட்டால் நாய்க்கும் போடாமல் எறிகிற நஞ்சு மீன். எறிந்தே பழகியதால் உரித்த கோலத்தில் அதை நான் கண்டதில்லை.

"உம்மா, சோத்துக்கு மீன் ஆணம் ஆகலையா?" என்றாள் மகள்.

புது மருமகனின் முகத்தை முறிக்க எந்த மாமிக்கு மனம் வரும்? ஆனாலும் சொல்லிவிட்டேன்.

"மகன், இது பேத்தை. திண்டா மௌத்தாப் போவோம்."

அவர் முகம் கறுத்துப் போனது. சாரத்து மடியிலிருந்து சின்னப் பொலித்தீன் பொட்டலமொன்றை எடுத்து நீட்டினார்.

"இதுட ஈரல். நல்ல துண்டெண்டு உங்களுக்குத்தான் தனியா எடுத்து வச்சன் மாமி."

நஞ்சு அதிகமும் ஈரலில்தான். மீனோடு அதையும் வளவில் ஆழக் கிடங்கு வெட்டிப் புதைத்தேன். மண்ணைத் தள்ளும்போது அழுகை வந்தது. அந்த வீட்டில் அதுவரை நல்ல துண்டென்று எனக்காக ஒருவரும் எடுத்து வைத்ததில்லை.